நாடி பார்க்க நரம்பை அறுக்க வேண்டாம்

போன இதழில் மோட்டார் சூடாவதைப் பற்றி எழுதியபோது, ‘எத்தனை ஆம்ப்ஸ் எடுக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதம். டாங் டெஸ்டர் (ஒயரை வெட்டாமல் வெளியிலிருந்து கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் மீட்டர்) வாங்கிக் குறிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. எல்லோர் வீட்டிலும் ஆர்டுயினோ என்கிற, புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு வைத்திருக்கும் ஒரு பையனோ பெண்ணோ இருக்கிறார்கள், அவர்களே அளந்து செல்போனுக்கு அனுப்பிவிடுவார்களாம். நல்லதுதான். எனக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தது என் மகள். கரண்ட் எங்கே கடிக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான், 32 வருடமாக, கருகிய மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றும் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில். அதனால் பதிலில் இரண்டும் கலந்துதான் வரும்.

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத், எல்லாம் 2 எச்.பி., த்ரீ பேஸ். ஒரு நாளில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் கட்டிங் நடக்கிறது என்று தெரிய வேண்டும். டிப்ளமோ படிக்கும் அண்ணன் மகன் ஏ.சி.எஸ். 712 என்ற, கரண்ட் அளக்கும் சின்ன போர்டு வாங்கி வந்திருக்கிறான். மோட்டார் ஒயர் ஒன்றை வெட்டி அதில் கொடுத்து, ஆர்டுயினோவில் படிக்கலாம் என்கிறான். செய்யலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். வைத்தியர் நாடி பார்க்க மணிக்கட்டில் விரல் வைக்கிறாரே தவிர, நரம்பை அறுத்து உள்ளே பார்ப்பதில்லை. மோட்டாருக்கும் அப்படியே.

உங்கள் பையன் தப்பான பொருளை வாங்கிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அந்தப் போர்டில் இருக்கும் சிப்புக்குள் ஓடும் கரண்டுக்கும் ஆர்டுயினோவுக்குப் போகும் சிக்னலுக்கும் நடுவே 2100 வோல்ட்டில் சோதித்த தடுப்பு இருக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பு சிப்போடு சரி. சிப்பை உட்கார வைத்திருக்கும் போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பச்சை நிறக் கனெக்டரின் திருகுகள் மேலே திறந்தே இருக்கும், அதன் ஈயக் கால்கள் அடியில் துருத்திக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் 415 வோல்ட் லைன், விரற்கடை தூரத்தில் இன்னொரு பக்கம் 5 வோல்ட். உங்கள் பட்டறையில் காற்றிலேயே கூலன்ட் எண்ணெயும் இரும்புத் தூளும் மிதக்கின்றன. இரண்டு மாதத்தில் அந்த இடைவெளியில் என்ன படிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து பார்த்தவர் நீங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2 எச்.பி. மோட்டார் லோடில் 3.4 ஆம்ப்ஸ் எடுக்கும் என்றால், ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஆறு மடங்கு, அதாவது 20 ஆம்ப்ஸ் இழுக்கும். வாங்கி வந்தது 5 ஆம்ப்ஸ் போர்டாக இருந்தால் அங்கே அளவு முட்டி நின்றுவிடும். வெட்டிய ஒயரின் இணைப்பு ஒன்று லூஸானால் மோட்டாருக்கு ஒரு பேஸ் போய்விடும். அப்புறம் காயில் கருகி என் கடைக்குத்தான் வரும். எனக்கு வியாபாரம், உங்களுக்கு நஷ்டம்.

இதற்கென்றே இருப்பது சி.டி. என்கிற கரண்ட் டிரான்ஸ்பார்மர். அதில் வாய் திறந்து ஒயரைக் கவ்வும் வகை கிடைக்கிறது. எஸ்.சி.டி. 013 என்று கேட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுப்பார்கள். ஒயரின் மேல் உறை அப்படியே இருக்க, வெளியிலிருந்து கவ்வும். ஒயரைச் சுற்றி எழும் காந்தப் புலம் மட்டும் உள்ளே போகும், செம்பும் செம்பும் தொடுவதே இல்லை. அதில் 030 என்று முடியும் மாடலை வாங்குங்கள். 30 ஆம்ப்ஸுக்கு 1 வோல்ட் தருவது அது. அதற்குத் தேவையான ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது.

உங்கள் லேத்துக்கு 30 ஆம்ப்ஸ் கொஞ்சம் பெரிய அளவு. 2 ஆம்ப்ஸ் ஓடும்போது 67 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். அதனால் ஒயரை சி.டி.யின் ஓட்டை வழியே ஒருமுறை விட்டு, வளைத்து, இன்னொரு முறை விடுங்கள். இரண்டு முறை போனால் காந்தம் இரண்டு பங்கு, அதே 2 ஆம்ப்ஸுக்கு 133 மில்லிவோல்ட். புரோகிராமில் விடையை இரண்டால் வகுத்துவிட்டால் கணக்கு சரி.

மாட்டும்போது மெயினை அணைத்தால் போதாது. எங்கள் காலத்து லைன்மேன்கள் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கம்பத்தில் ஏறுவார்கள். கட்டை பையில் இருக்கும்வரை வேறு யாரும் சுவிட்சைப் போட்டுவிட முடியாது. உங்களிடம் பீஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. என்கிற டிரிப் சுவிட்ச் என்றால் அதற்குப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பையில். பிறகு டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, லேத்தின் மூன்று லைனிலும் வையுங்கள். மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் வையுங்கள். டெஸ்டர் செத்துப்போய், லைன் உயிரோடு இருந்த கதைகள் எனக்குத் தெரியும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கட்டிங் நடக்கிறதா என்று ஆம்ப்ஸைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பாதிதான் முடியும். கடிதம் எழுதிய பலரும் கோட்டைவிடும் இடம் இது. ரீவைண்டிங் முடித்து என் மேசையில் சும்மா ஓட்டிப் பார்க்கும் 2 எச்.பி. மோட்டாரே 1.6 முதல் 2 ஆம்ப்ஸ் வரை எடுக்கும். எந்த வேலையும் செய்யாமல், தன் காந்தத்தை உண்டாக்கிக்கொள்ள மட்டும் எடுக்கும் கரண்ட் அது. வேலை செய்யும் கரண்ட் இதோடு நேராகக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் மாதிரி கூடும். சும்மா ஓடும்போது 1.8 என்று வையுங்கள். கடைசியில் மெல்லிசாக எடுக்கும் ஃபினிஷிங் கட்டுக்கு 0.5 ஆம்ப்ஸ் வேலைக் கரண்ட் தேவைப்பட்டால் மொத்தம் 2.3 ஆகாது, 1.87தான் ஆகும். அந்த 0.07 வித்தியாசத்தை நம்பி ஆளிடம் போய் ‘நேற்று மத்தியானம் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தாய்’ என்று சண்டை போட முடியாது. முதலில் கனமாக எடுக்கும் ரஃபிங் கட் 3 ஆம்ப்ஸைத் தாண்டும், அது தெளிவாகத் தெரியும்.

ஆக, மெஷின் ஓடியதா நின்றதா என்பதற்கு சி.டி. போதும். கனமான கட்டிங் எத்தனை நேரம் என்பதும் கிடைக்கும். மெல்லிய கட்டிங்கும் வேண்டுமென்றால் ஆம்ப்ஸோடு வோல்ட்டேஜையும் சேர்த்து அளந்து வாட்ஸ் பார்க்க வேண்டும். பி.செட்.இ.எம். 004டி என்று ஒரு ரெடிமேட் போர்டு அதைச் செய்கிறது, எடுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்குப் போகிறது என்கிற பவர் ஃபேக்டரும் சொல்கிறது. ஆனால் அது 260 வோல்ட் வரைதான் தாங்கும். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே கொடுத்தால் வெடிக்கும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கொடுத்து, வரும் வாட்ஸை மூன்றால் பெருக்குங்கள். பல லேத் பேனல்களில் நியூட்ரல் ஒயரே வந்திருக்காது. அதை எலெக்ட்ரீஷியன் கொண்டுவந்து கொடுக்கட்டும். எர்த்தை நியூட்ரலாக்கிக்கொள்ளும் குறுக்கு வழியைப் பையனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால், அந்த ஆளைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

கேள்வி: நியூட்ரல் ஒயரில் ஷாக் அடிக்காதே. அதில் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைக்கு நடுவே வரும் வோல்ட்டேஜைப் படித்தால் சி.டி. செலவு மிச்சமாகுமே? (ஒரு பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

பதில்: இதே யோசனை எனக்கும் வந்தது, தம்பி. செய்தும் பார்த்தேன். வீட்டில் 1 எச்.பி. சிங்கிள் பேஸ் பம்ப். நியூட்ரலில் ரெசிஸ்டர், அதன் ஒரு முனையில் ஆர்டுயினோவின் கிரவுண்ட், ஆர்டுயினோவிலிருந்து யு.எஸ்.பி. ஒயர் மகளுடைய லேப்டாப்புக்கு. கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். அந்த பிளக் பாயின்ட்டில் எந்தக் காலத்திலோ யாரோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தது மட்டும் என் கணக்கில் இல்லை. சுவிட்ச் போட்டதும் ஆர்டுயினோவின் கிரவுண்ட் 230 வோல்ட் ஆனது. அங்கிருந்து யு.எஸ்.பி., லேப்டாப், சார்ஜரின் எர்த் பின் என்று ஓடியது. ‘டப்’ என்று ஒரு சத்தம், வெல்லம் கருகின மாதிரி ஒரு வாடை, கரண்ட் ஒழுகினால் லைனை வெட்டும் இ.எல்.சி.பி. சுவிட்ச் டிரிப். லேப்டாப்பின் யு.எஸ்.பி. வாய் அன்றோடு மூடியது. மகள் நான்கு நாள் பேசவில்லை. அந்த நேரத்தில் என் கை லேப்டாப் மேல் இல்லை. இ.எல்.சி.பி.யும் வேலை செய்தது. இந்த இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நியூட்ரலும் கரண்ட் ஓடும் ஒயர்தான். எங்கோ தூரத்தில் அது விட்டுப்போனால் உங்கள் பக்கத்து முனையில் 230 வோல்ட் நிற்கும். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாருக்கு ரெசிஸ்டர் போட்டு அளப்பது அழகான முறை. சுவரிலிருந்து வரும் கரண்டுக்கு வேண்டாம்.

கேள்வி: கிரைண்டருக்குப் போகும் ஒயரில் சி.டி.யைக் கவ்வவிட்டேன். கிரைண்டர் ஓடுகிறது, போர்டு 0 காட்டுகிறது. சி.டி. டூப்ளிகேட்டா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: சி.டி. நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா. நீங்கள் கவ்வவிட்டது பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்ந்த முழு ஒயர். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் எதிரெதிராக ஓடுவதால் காந்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். இ.எல்.சி.பி. வேலை செய்வதே இந்தத் தத்துவத்தில்தான். போனதும் வந்ததும் சமம் இல்லாமல் 30 மில்லி ஆம்ப்ஸ் எங்காவது ஒழுகினால் டிரிப் ஆகும். ஆனால் 0 வந்ததை வைத்து கிரைண்டரில் லீக் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், எர்த் வழியே திரும்பும் லீக்கும் அதே கவ்வலுக்குள்தான் போகிறது.

பேஸ் ஒயர் ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காகக் கிரைண்டர் ஒயரின் மேல் உறையை பிளேடால் கீறாதீர்கள், ஈரக்கை படும் இடம் அது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, சுவரில் செருகாத நிலையில் திறந்து, உள்ளே தனியாக ஓடும் பேஸ் ஒயரில் சி.டி.யை மாட்டி, மூடித் திருகிவிடுங்கள். சி.டி.யின் மெல்லிய ஒயர் மட்டும் வெளியே வரட்டும். கிரைண்டரை அதில் செருகினால் வேலை முடிந்தது.

கேள்வி: எஸ்.சி.டி. 013-000, 33 ஓம் ரெசிஸ்டர், ஆர்டுயினோ யூனோ. மெஷின் நின்றிருக்கும்போதும் 0.18 ஆம்ப்ஸ் காட்டுகிறது. ஆன் செய்தவுடன் முதல் அளவு எப்போதும் தாறுமாறாக வருகிறது. பேய் ஓட்டுகிறதா? (ஒரு மாணவி, திருச்சி)

பதில்: பேய் இல்லை, படிக்கட்டு. யூனோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கிறது, ஒரு படி 4.9 மில்லிவோல்ட். உன் சி.டி. 100 ஆம்ப்ஸுக்கு 50 மில்லி ஆம்ப்ஸ் தருவது. 33 ஓமில் கணக்குப் போட்டால் ஒரு படி ஏறக்குறைய 0.3 ஆம்ப்ஸ். ஆக 0.18 என்பது ஒரு படிக்குள்ளேயே நடக்கும் நடுக்கம். 0.3க்குக் கீழே வந்தால் 0 என்று எழுதிவிடு. உன் மெஷின் 30 ஆம்ப்ஸைத் தாண்டாது என்றால் 33ஐ எடுத்துவிட்டு 100 ஓம் போடு, படி 0.1 ஆம்ப்ஸாகச் சின்னதாகும். ரெசிஸ்டரை மாற்றும்போது சி.டி. ஒயரைக் கவ்விக்கொண்டு இருக்கக் கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முதல் அளவு கெட்டு வருவதும் இயல்பு. ஏ.சி. கரண்ட் மைனஸுக்கும் போகும், ஆர்டுயினோவுக்கு மைனஸ் ஆகாது. அதனால்தான் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து சிக்னலை 2.5 வோல்ட்டுக்குத் தூக்கி நிறுத்தியிருப்பாய். அந்த நடுக்கோட்டை புரோகிராம் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாகும். முதல் ஐந்தாறு அளவைத் தூக்கிப் போடு. அப்புறம், நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். முழுச் சுற்றுகளாக எடுக்க வேண்டும், 200 மில்லி செகண்ட் எடுத்தால் சரியாகப் பத்து. வெறும் சராசரி எடுத்தால் 0தான் வரும். நடுக்கோட்டைக் கழித்து, வர்க்கம் எடுத்து, சராசரி பார்த்து, வர்க்கமூலம். பிளஸ் டூவில் படித்தது இதற்குத்தான்.

கேள்வி: மில் பேனலில் ஏற்கெனவே பெரிய சி.டி. இருக்கிறது, மீட்டருக்கு 5 ஆம்ப்ஸ் போகிறது. மீட்டரைக் கழற்றிவிட்டு அந்த ஒயரை ஈ.எஸ்.பி. 32 என்ற, ஆர்டுயினோ மாதிரியான போர்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. லைனில் கரண்ட் ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்கத்தைத் திறந்துவிட்டால், உள்ளே தள்ளும் கரண்டுக்குப் போக வழி இல்லாமல் அந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். ஒரு பேனலில் ஒருவர் ஆம்ப் மீட்டரின் திருகைத் தளர்த்தியபோது நீல நிறத்தில் நாக்கு நீட்டியதை நானே நின்று பார்த்திருக்கிறேன். மீட்டரைக் கழற்றுமுன் சி.டி.யின் இரு முனையையும் ஷார்ட் செய்ய வேண்டும். அது பேனல் தெரிந்தவர் செய்யும் வேலை. சின்ன எஸ்.சி.டி. 013-000இல் உள்ளேயே ஒரு தடுப்பு வைத்திருப்பார்கள் என்றாலும், கடையில் கிடைக்கும் நகலில் அது இருக்கும் என்று நம்பி விரலை வைக்காதீர்கள். உங்களுக்கு எளிய வழி: மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, மீட்டருக்குப் போகும் அந்த 5 ஆம்ப்ஸ் ஒயரின் மேல் ஒரு குட்டி சி.டி.யைக் கவ்வவிடுங்கள். பெரிய சி.டி.யின் விகிதத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: உடுமலைப் பக்கம் விவசாயம். போர்வெல்லில், தண்ணீருக்குள் இறங்கி ஓடும் 5 எச்.பி. சப்மெர்சிபிள் பம்ப். தண்ணீர் வரும்போது 8 ஆம்ப்ஸ், தண்ணீர் தீர்ந்து சும்மா ஓடும்போது 5.5 ஆம்ப்ஸ் என்று டாங் டெஸ்டரில் பார்த்து வைத்திருக்கிறேன். போர்டு வைத்துத் தானாக நிறுத்தலாமா?

பதில்: உங்களை மாதிரி முதலில் அளந்து வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது சுகம். தாராளமாகச் செய்யலாம். ஸ்டார்ட் ஆன முதல் பத்து விநாடியைக் கண்டுகொள்ளாதீர்கள். அதன்பின் 6.5க்குக் கீழே தொடர்ந்து பத்து விநாடி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். போர் ஊறுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ விட்டு மறுபடி. அந்த நேரம் உங்கள் நிலத்துக்குத்தான் தெரியும்.

நிறுத்தும் இடத்தில்தான் ஆபத்து. ஆர்டுயினோவோடு விற்கும் நீல நிற ரிலே சுவிட்ச் 250 வோல்ட்டுக்கானது. நம் ஊர் த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர்களில் பலவற்றின் காயில் 415 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே நேராக நிற்கும். அந்தக் காயிலுக்குப் போகும் லைனில் இந்தக் குட்டி ரிலேயைப் போட்டால், திறக்கும்போது எழும் பொறியில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போர்டு ‘நிறுத்து’ என்று கத்தினாலும் மோட்டார் நிற்காது. காயிலில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 415 என்றால் 230 வோல்ட் காயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது நடுவில் அதற்கேற்ற தனி ரிலே வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாப் பட்டன், ஓவர்லோட் ஆனால் மோட்டாரை நிறுத்தும் ஓ.எல்.ஆர். இரண்டையும் யாரும் தொடக் கூடாது. போர்டு செத்தாலும் அவை வேலை செய்ய வேண்டும்.

ஒரு சி.டி. மட்டும் வைத்தால், அது இல்லாத பேஸில் பீஸ் போனது ஒழுங்காகத் தெரியாது. அதற்கு ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும், ரெடிமேடாக வரும் சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரை வாங்கி மாட்டிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். போர்டை ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள் வைக்காமல் தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஒயர் நுழையும் ஓட்டையை எம்.சீல் போட்டு அடையுங்கள். தோட்டத்து ஸ்டார்ட்டருக்குள் பல்லி போய்ச் செத்துக் கிடப்பதை நான் பார்க்காத வருடம் இல்லை.

கேள்வி: இதெல்லாம் வேண்டாம் என்று மல்ட்டிமீட்டரையே 10 ஆம்ப்ஸ் ஓட்டையில் செருகி மோட்டார் லைனில் வைத்தால்?

பதில்: ஸ்டார்ட்டிங் கரண்டில் உள்ளே இருக்கும் பீஸ் போகும். மலிவு மீட்டரில் பீஸே இருக்காது, மீட்டர் கையிலேயே வெடிக்கும். டாங் டெஸ்டர் வாங்குங்கள். ஆர்டுயினோ வைத்தாலும் அதன் கணக்கைச் சரிபார்க்க அது வேண்டும்.

கேள்வி: சோலார் பேனலிலிருந்து ஓடும் 24 வோல்ட் டி.சி. மோட்டாருக்கும் இதே சி.டி. போதுமா?

பதில்: போதாது. சி.டி.க்கு ஏறி இறங்கும் கரண்ட் வேண்டும். டி.சி. ஒரே மட்டத்தில் நிற்பது, சி.டி. 0 காட்டும். முதல் கடிதத்தில் நான் வேண்டாம் என்ற ஏ.சி.எஸ். 712ஐ இங்கே வெட்டிப் போடலாம், தப்பில்லை. மோட்டார் எடுப்பது வாங்கிய போர்டின் ஆம்ப்ஸ் அளவுக்குள் இருக்கட்டும், பேட்டரி பக்கத்தில் ஒரு பீஸ் இருக்கட்டும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் பட்டறையில் எதில் மாட்டி வைத்திருக்கிறீர்கள்?

பதில்: 3 எச்.பி. கம்ப்ரசரில். சுவரில் ஒரு டிபன் டப்பா, அதில் சின்னத் திரை, அவ்வளவுதான். பிரஷர் 8 கிலோவைத் தொடும்போது எடுக்கும் ஆம்ப்ஸை மட்டும் குறித்துக்கொள்ளும்படி மகள் எழுதிக்கொடுத்தாள். ஆறு மாதம் 4.1 என்றே நின்றது. போன மாதம் 4.3 ஆனது, இரண்டு வாரத்தில் 4.6. போர்டுதான் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே டாங் டெஸ்டரை வைத்தேன், அதுவும் 4.6. பெல்ட்டைக் கழற்றி மோட்டார் புல்லியைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. கழற்றிய பேரிங் இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது. கடைக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்கிறார்கள்.